கிடைக்கும் என்று சொல்லாதவர்

‘கிடைக்கும்’ என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வக்கீல் தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று சொல்லத் தேவையில்லை. தாம்பரத்தில் எந்த வக்கீல் ஆபீஸ் படி ஏறினாலும், நாம் உட்காருவதற்கு முன்பே ‘ஆறே மாசத்துல முடிச்சிடலாம்’ என்று ஒரு வார்த்தை வந்து விழும். அதைக் கேட்கத்தானே போகிறோம்? இவர் ஆபீஸில் டீ வரும். மின்விசிறியை நம் பக்கம் திருப்பி வைப்பார். அந்த வார்த்தை மட்டும் வராது.

எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் அவர் ஆபீஸ் இருந்தது. அந்த ரோட்டில் மற்ற வக்கீல்களெல்லாம் விவாகரத்து, செக் கேஸ், பட்டா தகராறு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எடுத்தது வேறு விதமான கேஸ்கள். இங்கே ஊரை ஏமாற்றி, பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்திவிட்டுப் பறந்துபோனவர்களின் சொத்தைத் தேடிப் பிடிப்பது. அதற்கெல்லாம் ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனையில் பெரிய பெரிய வக்கீல் கம்பெனிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் ஏமாந்தவர்கள் ஊரப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் இருந்தால் அவர்கள் எங்கே பாரிமுனை வரை போவது?

முதல் நாள் அப்பாவோடு நான்தான் போனேன். அப்பா தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் சர்ச்சில் கமிட்டி மெம்பர். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஏம்மா, கிடைச்சிடுமா?” என்று கேட்டார்.

“தெரியாது சார்” என்றார் மேடம்.

அப்பா சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“தேடலாம் சார். தேடறதுக்கு நான் பொறுப்பு. கிடைக்கிறதுக்கு என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது.”

படியிறங்கும்போது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “வேற வக்கீலைப் பார்க்கலாம்ப்பா. இவங்களுக்கே நம்பிக்கை இல்ல” என்றேன். “இந்தம்மாவே இருக்கட்டும் பாப்பா” என்றார் அப்பா. ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

எங்களிடமிருந்து போனது படப்பை மனை. அம்மா இருக்கும்போதே வாங்கிப் போட்டது. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அங்கே கட்டப்போகும் வீட்டுக்குப் பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் பிளான் போட்டுக்கொண்டே இருப்பார் அப்பா. அம்மா போன பிறகும் சமையலறையைக் கிழக்குப் பக்கமே போட்டுக்கொண்டிருந்தார், அம்மாவுக்குக் காலை வெயில் பிடிக்கும் என்பதால். அந்த மனையை விற்கச் சொல்லி, அந்தப் பணத்தைத் துபாயில் தங்க வியாபாரத்தில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவனை அப்பா ‘தம்பி’ என்றுதான் சொல்வார். கடைசிவரை அப்படித்தான் சொன்னார். சர்ச் பாடகர் குழுவில் பாடிய பையன். நல்ல குரல். எங்கள் வீட்டு ஹாலில் முழங்காலில் நின்று அப்பாவோடு ஜெபம் பண்ணியிருக்கிறான். எதைக் கேட்டாலும் “கண்டிப்பா அங்கிள்” என்பான். லாபம் வருமா? கண்டிப்பா அங்கிள். வேண்டும் என்கிறபோது எடுத்துக்கொள்ளலாமா? கண்டிப்பா அங்கிள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். அப்பாவுக்குப் புத்தி இருந்தது. பாட்டும் ஜெபமும் சேர்ந்து வந்ததால் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டார்.

எங்களைப்போல இன்னும் சில குடும்பங்கள். அதில் எனக்கு நன்றாகப் பழக்கமானவர் குமார் அண்ணா. பெருங்களத்தூரில் ஏ.சி. மெக்கானிக். சர்ச்சில் ஏ.சி. போட வந்த இடத்தில் தம்பியிடம் மாட்டிக்கொண்டவர். மகளை நர்சிங் படிக்க வைக்கச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவன் கையில் கொடுத்திருந்தார். மேடத்தின் ‘தெரியாது’ அவரை ரொம்பப் படுத்திவிட்டது.

“இன்னா மேடம் நீங்க, எப்பக் கேட்டாலும் தெரியாது தெரியாதுன்றீங்க. தெரிஞ்ச வக்கீல் யார்னா கீறாங்களா, சொல்லுங்க, அங்கயாவது போறோம்.”

“எதிர் பில்டிங்ல ஒருத்தர் இருக்கார் குமார். ஆறு மாசம்னு சொல்லுவார். போய்க் கேட்டுட்டு வாங்க, மனசுக்கு நல்லா இருக்கும். அப்புறம் இங்க வந்து கையெழுத்துப் போடுங்க.”

குமார் அண்ணா நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “செம்மயா பேசறாரு மேடம்” என்று சொல்லிவிட்டு, மேடம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மேடத்துக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். ஒரே அண்ணன், அவர் கனடாவில். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவார். தயிர்சாதம், மோர்மிளகாய். எல்லா நாளும் அதுதான். துபாய் வக்கீல்களும் லண்டன் வக்கீல்களும் கம்ப்யூட்டர் திரையில் வருகிற நேரத்துக்கு ஏற்ப அவர் வயிறு பழகியிருந்தது. ஒரு தடவை அவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் எங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்க ஆரம்பித்தது. திரையில் இருந்த வெள்ளைக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார். மேடம் பேச்சை நிறுத்தி, அது தூரம் போகிறவரை மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஏமாற்றுக்காரனின் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். ‘நம்மாளு’ என்பார். “நம்மாளு இப்ப ஷார்ஜாவுல இல்ல, வீடு மாறிட்டாரு” என்பார், ஏதோ மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் எனக்கு வேலை. சாயங்காலம் ரயிலில் தாம்பரத்தில் இறங்கியதும் நடைமேம்பாலம் ஏறி நேரே மேடம் ஆபீசுக்குப் போய்விடுவேன். காகிதங்களை அடுக்கிக் கொடுக்க, ஸ்கேன் பண்ணிக் கொடுக்க. உதவி என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் கண்காணிப்புதான். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வர ரொம்ப நாளாயிற்று.

அவர் வேலை செய்யும் விதமே தனி. நான் நினைத்திருந்தேன், வெளிநாட்டில் சொத்தைத் தேடுவது என்றால் பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டுவது என்று. இவர் பெரும்பாலும் போட்டோ பார்த்துக்கொண்டிருப்பார். நம்மாளின் மச்சினி போட்ட போட்டோ, மச்சினியின் தோழி போட்ட போட்டோ, வளைகாப்பு, பிறந்தநாள், புதுக் கார் பானெட்டில் மாலை. மனிதர்களைப் பார்க்க மாட்டார். அவர்களுக்குப் பின்னால் ஜன்னலில் என்ன தெரிகிறது என்று பார்ப்பார்.

“நம்மாளுங்க பணத்த ஒளிச்சு வைப்பாங்க ஜாய்ஸ். பிறந்தநாள் கேக்க ஒளிச்சு வைக்க மாட்டாங்க” என்பார் என்னிடம்.

அப்படித்தான் துபாய் ஃப்ளாட்டைப் பிடித்தார். தம்பியின் பெண் குழந்தைக்குப் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் பால்கனி. பால்கனிக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையின் பச்சை போர்டும், வளைந்து போகிற மெட்ரோ பாலமும். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று போனார். ஃப்ளாட் மச்சான் பெயரில் இருந்தது. அந்தக் கட்டடத்தைப் பற்றி விசாரித்து ஒரு பகல் முழுக்க அந்த மருந்துக்கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், கடைக்காரர் பேசும் மலையாளத்தில்.

எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஃப்ளாட் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அங்கே உள்ள கோர்ட்டில் அதை விற்க முடியாதபடி முடக்க உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவு கைக்கு வருகிறவரை நம்மாளுக்கு வாடைகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரே வாரத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவான்.

“பணத்துக்கு விசா வேண்டாம். நமக்குத்தான் வேணும். அதனால யாரும் மூச்சு விடாதீங்க. வீட்டுல சொல்லாதீங்க.” அப்பா பக்கம் திரும்பினார். “சார், சர்ச்ல ஜெப விண்ணப்பம்னு எழுதிக் குடுக்காதீங்க. ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். பக்கத்து பெஞ்சுக்குத் தெரிய வேண்டாம்.”

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். கிடைக்குமா என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்ததும் புதுக் காலண்டரைத் திருப்பிப் போட்டு ஸ்கேல் எடுத்தார்.

ஆனால் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பைபிள் படித்து அவர் வளர்ந்த விதம் அப்படி. ஒரு சகோதரன் உனக்குத் தப்புப் பண்ணினால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் சர்ச் சபைக்கு முன்னால் வைக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றது. கமிட்டியில் எத்தனையோ சண்டைகளை அப்பா இந்த முறையில்தான் தீர்த்து வைத்தார். தம்பியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் கோர்ட்டுக்குப் போவது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பார்க்குக்கு நடக்கப் போனவர், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டுவிட்டார். நம்பர் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஓடிப்போன பிறகும் தம்பி கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தான்.

“தம்பி, நீ இருக்கிற ஃப்ளாட் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோர்ட் வரைக்கும் போக விடாத. நீயாவே திருப்பிக் குடுத்துடு, நான் எல்லார்கிட்டயும் பேசறேன்” என்றிருக்கிறார்.

“கண்டிப்பா அங்கிள். ரெண்டே வாரம் டைம் குடுங்க” என்றானாம். அழுதானாம். ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டானாம். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து அப்பா அவனுக்காகக் கண்ணை மூடி ஜெபம் பண்ணியிருக்கிறார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கோர்ட் எங்கள் மனுவைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஃப்ளாட் கை மாறிவிட்டது.

மேடம் மறுபடி எல்லோரையும் கூப்பிட்டார். மழை நாள். கீழே ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். குமார் அண்ணா பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை. “ஃப்ளாட்ட வித்துட்டாங்க. நம்மள்ல யாரோ பேசியிருக்கோம்” என்றார். யார் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது. அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்பா எழுந்து நின்றார். ஸ்கூல் பையன் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நான்தான் பேசினேன். ஒரு சந்தர்ப்பம் குடுக்கலாம்னு…” என்றார். 

குமார் அண்ணா அப்பா பக்கம் திரும்பினார். “இன்னா ஐயா நீங்க. எம்பொண்ணு ஃபீஸ் கட்டாம வூட்ல குந்திகினு கீது ஐயா. நீங்க அவனுக்குப் போயி சந்தர்ப்பம் குடுக்கிறீங்களா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும். மடித்த பேண்டோடு எழுந்து தண்ணீரில் இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். “ஏம்மா, என்னாலதான் போச்சா? நான் சொல்லாட்டியும் அவன் வித்திருப்பான் இல்ல?” என்றார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினேன். ஒரு சின்ன வார்த்தை. ‘எப்படியும் வித்திருப்பான் சார்.’ அவ்வளவுதான்.

“உங்களாலதான் சார்” என்றார் மேடம்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ சொல்ல வெளியே வந்தார். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் அன்றைக்கு என்னென்ன வந்தது என்று இப்போது எழுத முடியாது. கடைசியில், “ஒரு வயசானவர்கிட்ட ‘உங்களால இல்ல’ன்னு சொன்னா உங்க பட்டத்தைப் பிடுங்கிடுவாங்களா?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

மேடம் கோபப்படவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

“தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அம்மாவுக்குக் ‘கிடைச்சிடும், கவலப்படாதீங்க’ன்னு சொன்னேன். என்னை நம்பி அந்தம்மா பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் எல்லாம் குடுத்துட்டாங்க.”

அதோடு நிறுத்திவிட்டார். பணம் வந்ததா, கல்யாணம் நடந்ததா, அந்தப் பெண் என்ன ஆனாள், எதையும் சொல்லவில்லை. அப்புறமும் எத்தனையோ நாள் பழகியிருக்கிறேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அப்பா சர்ச்சில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். கமிட்டியிலிருந்து விலகினார். காலண்டரில் பிளான் போடுவதும் நின்றது. பட்ட காலிலே படும் என்று சொல்வதுபோல அடுத்த வருஷமே இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எல்லோர் வாயிலும் ஒரே பாட்டுதான். எல்லாம் சரியாயிடும் பிரதர். போனதெல்லாம் இரட்டிப்பா வரும் பிரதர். அவர்கள் போனதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “மேடம், அப்பா கேப்பாரு. கிடைச்சிடும்னு ஒரு தடவ சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அப்பா கேட்டார். கேட்காமல் இருப்பாரா? “ஏம்மா, கிடைக்குமா?”

மேடம் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“தெரியாது சார். தேடிட்டிருக்கேன்.”

அப்பா சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. மேடம் கிளம்பிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். “தம்பி ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்டிப்பான்னான் பாப்பா. இந்தம்மா முதல் நாள்லேர்ந்து அந்த வார்த்தையே சொல்லல. அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இவங்க நம்மள ஏமாத்த மாட்டாங்கன்னு. இன்னும் தேடறாங்களாம்” என்றார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அந்த மாதமே போய்விட்டார்.

அடக்கத்துக்கு மேடம் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக, செருப்பெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் வந்து என் தோளைத் தட்டி, நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேடம் அதையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதே.

“எத்தனையோ கேஸ் பார்த்திருக்கேன் ஜாய்ஸ். விஷயம் வெளிய போகும். யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உங்கப்பா எந்திரிச்சு நின்னாரு” என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

குமார் அண்ணாவும் வந்திருந்தார். பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

மேடம் தேடுவதை விடவில்லை. நாங்கள் விட்டுவிட்டோம். மற்றக் குடும்பங்கள் போன் பண்ணுவதையே நிறுத்திவிட்டார்கள். ஃபீஸ் பற்றிக் கேட்டால், “தேடி முடிச்சதும் பார்த்துக்கலாம்” என்பார். அவர் மறுபடி போட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். தம்பி இந்தத் தடவை உஷாராக இருந்தான். வீட்டில் யாரும் படம் போடவில்லை. கேக் இல்லை, பால்கனி இல்லை. குடும்பத்தோடு ஊர் பேர் தெரியாமல் வாழப் பழகிக்கொண்டவன்போல இருந்தான்.

கடைசியில் அவனைக் காட்டிக்கொடுத்தது நம்மூர்ப் பழக்கம்தான். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட அதில் ‘உபயம்’ என்று பெயரை வெளிச்சம் வராத அளவுக்குப் பெரிதாக எழுதி வைப்போமே, அந்தப் பழக்கம். சர்ச்சும் அதற்கு விலக்கில்லை. எங்கள் சர்ச்சில் பீரோ, மின்விசிறி, கடிகாரம் எல்லாவற்றிலும் யாராவது ஒருவரின் அப்பா பெயர் இருக்கும். சிங்கப்பூரில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. அவர்களுடைய ஆண்டு விழாப் படத்தில், பாடகர் குழுவுக்குப் பின்னால் பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு. தம்பியின் அப்பா பெயர், அவர் ஞாபகமாக என்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கொடுத்த கம்பெனியின் பெயர்.

மேடம் அந்தப் படத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டியபோது தயிர்சாதம் அப்படியே மூடி வைத்திருந்தது. “இவன் குரல் நல்ல குரல்னு சொன்னீங்களே. போன இடத்துலயும் பாடாம இருக்க மாட்டான்னு தோணிச்சு. அதான் தமிழ்ச் சபையா பார்த்துட்டு வந்தேன்” என்றார். அந்தக் கம்பெனியை யாருக்கும் அதற்குமுன் தெரியாது. துபாய் ஃப்ளாட் விற்ற பணம் அதற்குள்தான் போயிருந்தது.

இந்தத் தடவை மற்றக் குடும்பங்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். நான் சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட அதை நினைக்கப் பயந்தேன். பிறகு ஒரு நாள் நான் காலேஜ் ஆபீஸில் இருக்கும்போது மேடத்திடமிருந்து போன் வந்தது.

“முடக்கியாச்சு” என்றார்.

“அப்ப கிடைச்சிடுமா மேடம்?”

போனில் அங்கே பின்னால் விமானம் போவது கேட்டது.

“தெரியாதும்மா.”

கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுசாக இல்லை. இழந்ததில் ஒரு பங்குதான். அதுவும் கேஸ் முடிந்து கைக்கு வரும்போது மேடம் இல்லை. அவரோடு பழகிய ஹைகோர்ட் வக்கீல் ஒருவர்தான் எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். குமார் அண்ணாவின் மகள் அதற்குள் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்விட்டாள், கல்யாணமும் ஆகிவிட்டிருந்தது. அவர் காசோலையைப் பார்த்துவிட்டு, “இத வச்சி இன்னா பண்றது இப்போ” என்று என்னையே கேட்டார். எனக்கு வந்ததில் படப்பையில் கால் மனைகூட வாங்க முடியாது. வாங்கினாலும் கிழக்குப் பக்கம் சமையலறை யாருக்கு?

மேடத்துக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது முடக்க உத்தரவு வந்த கொஞ்ச நாளிலேயே. நாலு மணிச் சாப்பாடு பாதியிலேயே நின்றுபோவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டால், மோர்மிளகாய் காரம் அதிகம் என்பார். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் கனடாவிலிருந்து தினமும் போன் பண்ணினார். ‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு’ என்று அவர் சொல்வது போனுக்கு வெளியே எனக்கே கேட்கும். மேடம் “ம்” கொட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் போயிருந்தேன். ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பில் அவர் ரொம்பச் சின்னதாக இருந்தார். ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோடும் அதை ஒட்டி ரயில் பாதையும் தெரிந்தன. கேஸ் பற்றித்தான் முதலில் பேசினார். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, யாருக்கு நினைவூட்ட வேண்டும், குமார் அண்ணா வந்தால் டீ கொடுக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றினார். போர்வை ஓரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் இப்படித்தான்.

“ஏன் ஜாய்ஸ், எந்திரிச்சு வந்துடுவேன் இல்ல?”

 டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததிலேயே எல்லாம் இருந்தது. தெரியாது என்று சொல்லலாம். இந்த ஊரில் அந்தப் பதிலுக்குத் தகுதியான ஒரே மனுஷி அவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் வந்தது வேறு.

“கண்டிப்பா மேடம்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கேஸ் கொண்டுவரும் கட்சிக்காரர்களைப் பார்க்கும் அதே பார்வை.

“டாக்டர் சொன்னாரா?”

“இல்ல மேடம்.”

“ரிப்போர்ட்ல போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்ப எத வச்சு சொல்ற?”

 ஒரு ரயில் தாம்பரம் பக்கம் போனது. அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது.

“பரவால்ல” என்றார். “இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், பிடியை விடவில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து என்னைக் கிளப்பும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.